மழை ஊரில் வெயில் வியாபாரம்

வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை கொட்டுகிற இரத்தினபுரியில் சோலார் வேலைக்குச் சேர்ந்தவனைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம்; நான் சேர்ந்த அன்றைக்கு எங்கள் தோட்டமே சிரித்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கரண்ட் கம்பம் எட்டிப் பார்க்காத மலைச் சரிவுகளில், தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவை விட்டு வெளியேறி, ஒரு துண்டு நிலம் வாங்கிச் சொந்த வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள் நம் சனங்கள். அந்தப் புது வீட்டுக்குப் போய், எத்தனை விளக்கு, எவ்வளவு நேரம் எரிய வேண்டும், கூரையில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்றெல்லாம் பார்த்து, எவ்வளவு பெரிய பேனல், எவ்வளவு பெரிய பட்டரி என்று வரைந்து கொடுத்து, பூட்டியும் கொடுப்பது என் வேலை. நானும் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குப்பி லாம்புப் புகையை முகர்ந்து படித்தவன் என்பதால், சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்குத் தெரியும். நல்ல காரியம் செய்யப் போகிறோம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். தோளில் பேனலோடும் காலில் இரத்தம் குடிக்கிற அட்டையோடும் மலை ஏறி, வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு இறங்கிய சகோதரர்கள் யாராவது இதை வாசித்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எல்லாம் புளுவன்

முதலில் எங்கள் கம்பெனியின் விற்பனையாளர் சந்திரமோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்தில் டை, மோட்டார் சைக்கிள், வாய் நிறையச் சிரிப்பு. எந்த வீட்டுக்கும் எனக்கு முன்னால் அவர் போய்விடுவார். டிவி ஓடுமா என்று கேட்டால் "புளுவன்" என்பார். ரைஸ் குக்கர்? புளுவன். தண்ணீர் மோட்டார்? புளுவன். சிங்களத்தில் 'முடியும்' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு மாவட்டத்தில் சூரியனை விற்றார் மனுஷன். முடியாது என்று சொல்லுகிற பாவம் எல்லாம் எனக்கு விடப்பட்டிருந்தது.

ரம்புக்கனைப் பக்கம் ஒரு டீச்சர் அம்மா. புதுசாகக் கல்யாணம், புது வீடு. ஸ்திரிக்கைப் பெட்டி போடலாமா என்று அவர் தெளிவாகக் கேட்டிருக்கிறார். பதில் உங்களுக்கே தெரியும். நாலு விளக்குக்கும் ஒரு சின்ன டிவிக்கும் என்று நான் வரைந்து கொடுத்த வீட்டில், பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அந்த அம்மா ஸ்திரிக்கைப் பெட்டியைச் சொருக, இன்வேட்டர் 'கீ' என்று கத்திவிட்டு உயிரை விட்டது. பாதி மடிப்பும் பாதி கசங்கலுமாக ஒரு சேலையை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. திரும்பி வந்ததும், ஆபீசில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த சந்திரமோகனிடம் எரிந்து விழுந்தேன். அவர் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஓடுமான்னு அவங்க கேப்பாங்க, ஓடும்னு நான் சொல்லுவேன். ஓட வைக்கத்தானே தம்பி உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

முகப்பு

கேகாலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ரோட்டோரமாக ஒரு வீடு கட்டினார். முகப்பில் சிமெந்தில் செய்த இரண்டு சிங்கம், நடுவில் லட்சுமி. தோட்டத்தில் அவர் போட்ட அதிகாரத்தை இனி அந்தச் சிங்கங்கள் போடும்போல இருந்தது. கூரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேனல் பின்பக்கக் கூரையில்தான் இருக்க வேண்டும் என்றேன். அங்கே நாள் பூராவும் வெயில். முன்பக்கமோ வடக்குப் பார்த்த சரிவு. போதாததற்கு எதிரே ஒரு பலாமரம், பகல் ஒரு மணிக்கே கூரைக்குக் குடை பிடித்துவிடும். மரத்தில் கை வைக்கக் கூடாது என்று அவருடைய மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கிளாக்கர் அய்யா நான் வரைந்ததை வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்திய பழக்கம். சிவப்புப் பேனையை எடுத்து, பேனலைப் பின்கூரையிலிருந்து முன்கூரைக்கு ஒரு அம்புக்குறியால் நகர்த்திவிட்டார். சூரியனும் தனக்குக் கீழே வேலை பார்க்கிறது என்று நினைத்திருப்பார். நான் எவ்வளவோ சொன்னேன். கடைசியில் அவர் சொன்ன இடத்தில் பூட்டினேன்.

பால் காய்ச்சிய அன்று சாயங்காலம் ஊர் முழுக்க விருந்துக்கு வந்திருந்தது. முதல் பந்தி பாதி முடிவதற்குள் விளக்குகள் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தே போயின. யாரோ ஓடிப்போய்ப் பெற்றோமாக்ஸ் கொண்டு வந்தார்கள். இனி என்னைத் தூணில் கட்டி அடிப்பார் என்று நான் மூலையில் பதுங்க, அவர் தேடி வந்து தோளில் கை போட்டார். முகத்தில் அத்தனை திருப்தி. "பரவாயில்ல தம்பி. பஸ்ஸுல போறவன்லாம் பேனலை எட்டிப் பாத்துட்டுப் போறான். வெளிச்சத்துக்கு லாம்பு இருக்கு."

பகல் சாமான்

இரத்தினபுரியில் ஒரு மாணிக்கக்கல் வியாபாரி. கடைவீதியில் எல்லோரும் அவரை முதலாளி என்றே கூப்பிடுவார்கள். ஒரு மலை உச்சியை வாங்கி, அதன் மேல் மாளிகை கட்டியிருந்தார். கம்பம் நட நடுவில் இருந்த வயல்காரர் சம்மதிக்காததால், மின்சாரம் மலையடியிலேயே நின்றுவிட்டது. முதலாளிக்கு ஏசி வேண்டும், சுடுதண்ணீர் வேண்டும், ஒரு ஆளே உள்ளே படுத்துக்கொள்ளலாம் போன்ற பிரிட்ஜ் வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கூரை போதாது, முற்றம் போதாது, மலையின் ஒரு பக்கத்தையே பேனலால் மூட வேண்டியிருக்கும் என்றேன். சரி, விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் போடு என்று இறங்கி வந்தார். பெருந்தன்மைதான் என்று நினைத்தேன்.

மாதிரிக்குக் கொண்டுபோன பேனலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கல் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் வைத்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நகத்தால் தட்டினார். "சூடு காட்டின சாமானா?" என்று சந்தேகமாகக் கேட்டார். கல்லைச் சூடாக்கி நிறம் ஏற்றுகிறவருக்கு உலகத்தில் எல்லாமே அப்படித்தான். நான் பொறுமையாக விளக்கினேன்: பகலில் இது வெயிலை மின்சாரமாக்கும், பட்டரி அதைச் சேர்த்து வைக்கும், இரவில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது மாதிரி படம் போட்டுக் காட்டினேன். முதலாளி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் பேனலை என் பக்கம் தள்ளி வைத்தார். போலிக் கல்லோடு வருகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! அவர்களுக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. "தம்பி, எனக்கு ராவைக்கு மட்டும்தான் லைட்டு வேணும். பகல்ல வேலை செய்யிற சாமானை எந்தலையில கட்டப் பாக்காதீங்க."

சாமி வேலை

பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து புகார் வந்தது. வேலாயுதம் என்ற காவல்காரரின் புது வீட்டில் விளக்கு எரியவில்லையாம், கம்பெனி ஏமாற்றிவிட்டதாம், உடனே ஆள் வராவிட்டால் தொழிற்சங்கத்திடம் போவாராம். பஸ் பாதி மலையோடு நின்றுவிட்டது. மீதி மலையை மழையில் ஏறினேன். சாக்ஸுக்குள் எத்தனை அட்டை விருந்து சாப்பிட்டது என்று நான் பார்க்கவில்லை.

வீட்டில் பேனல் நன்றாக இருந்தது. சுவிட்ச் நன்றாக இருந்தது. பட்டரி இருக்க வேண்டிய மூலையில் இரண்டு வயர்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். பட்டரி எங்கே என்று கேட்டேன். வேலாயுதம் கையைக் கீழே காட்டினார். பள்ளத்தில் மாரியம்மன் கோயிலிலிருந்து, காது கிழிகிற சத்தத்தில் மைக் செட் பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. கோயில் கமிட்டியில் அவர்தான் தலைவர். இதற்காகவா என்னை வரவழைத்தீர்கள் என்று கேட்க எனக்கு மூச்சு கூட மிச்சமில்லை. அவர் ஒரு துவாயைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னார், அப்புறம் கூசாமல் சொன்னார்: "பட்டரி சாமி வேலையா போயிருக்கு, திருவிழா முடிஞ்சா வந்துரும். நீங்க அதுவரைக்கும் பட்டரி இல்லாம லைட்டு எரியிற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடுத்துட்டுப் போங்க."

திறப்பு விழா

ஒரு றப்பர் தோட்டத்தில் வரிசையாகப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். எல்லா வீட்டுக்கும் சோலார். திறந்து வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனுஷர் வருவதாக நாள் குறித்தாயிற்று. பேனல்கள் வந்து கூரையில் ஏறிவிட்டன. பட்டரிகள் வரவில்லை. விழாவைத் தள்ளிப் போடலாமே என்று எங்கள் மனேஜரிடம் சொன்னேன். ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டது போல என்னைப் பார்த்தார். றப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டரை ஒளித்து, வயரை மண்ணுக்குள் புதைத்து, முதல் வீட்டுக்கு இழுக்கும்படி உத்தரவு.

விழா அன்று மேடையில் அறிவிப்பாளர் வேறு யார், நம் சந்திரமோகன். "சூரிய பகவானே நேரில் வந்து இந்தத் தோட்டத்து மக்களுக்கு விளக்கேற்றப் போகிறார்" என்று மைக்கில் முழங்கினார். மாலையோடு பெரிய மனுஷர் சுவிட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. கைதட்டல். புகைக்கூடத்துப் பக்கமிருந்து 'டுக் டுக் டுக்' என்று சத்தமும், கறுப்பாகப் புகையும் எழுந்து வந்தன. மேடையில் இருந்த ஒருவருக்கும் அது கேட்கவில்லை. கடைசி வரிசையில், றப்பர் பால் வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு வேலையிலிருந்து நேரே வந்திருந்த ஒரு பெண், புகையையும் பார்த்தாள், கையில் குறடோடு நின்ற என்னையும் பார்த்தாள். "சூரியனுக்கும் டீசல் ஊத்தணும்னு இன்னைக்குத்தாங்க தெரிஞ்சுக்கிட்டேன்."

டிவி இல்லாத வீடு

கித்துல்கலப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் லொறி ஓட்டுகிற முருகேசு என்பவர், தோட்டத்துக்கு வெளியே ஒரு சரிவில் வீடு கட்டினார். சுவர் இன்னும் பூசவில்லை. மூன்று விளக்கு, ஒரு டிவி என்று சந்திரமோகன் ஓடர் எடுத்திருந்தார். பேனலையும் பட்டரியையும் கொண்டுபோய் இறக்கியதும், முருகேசுவின் மனைவி புஷ்பம் உள்ளேயிருந்து ஒரு மிஷினைத் துணியில் பொதிந்து எடுத்து வந்தார். அவருடைய மகள் சின்னப் பெண், இழுப்பு நோய். மழைக்காலம் வந்தால் மூச்சு எடுக்க முடியாமல் தவிக்கும். மருந்தை ஆவியாக்கி மூக்கில் பிடிக்கிற அந்த மிஷினை, குவைத்தில் வீட்டு வேலை செய்கிற தங்கச்சி அனுப்பியிருந்தார். கரண்ட் இல்லாததால் அது இதுவரை ஒரு நாளும் ஓடியதில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டினால் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, பஸ் வருமா என்று நிற்க வேண்டும். "இது ஓடத்தான் தம்பி இவ்வளவும் வாங்குறோம். அந்த அய்யா ஓடும்னு சொன்னாரு" என்றார் புஷ்பம்.

மிஷினின் அடியில் எழுதியிருந்ததைப் படித்தேன். கொண்டுவந்த சாமானில் அது ஓடாது. இன்வேட்டர் வேண்டும், பெரிய பட்டரி வேண்டும். மழை விடாமல் பிடிக்கிற நாட்களில்தான் பேனலுக்கு வெயில் இராது. பிள்ளைக்கு மிஷின் தேவைப்படுவதும் அதே நாட்களில்தான். அதைச் சொன்னபோது புஷ்பம் மிஷினைத் திரும்பத் துணியில் சுற்றிய விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சந்திரமோகன் அந்த நேரத்தில் எதிரே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நான் எதையும் பூட்டவில்லை. சாமானைத் திருப்பி ஏற்றிக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். வியாபாரத்தைக் கெடுத்தவன் என்று மனேஜர் எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசினார். சந்திரமோகன் பக்கத்தில் நின்று, எனக்காக வருத்தப்படுகிறவர் போலத் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரமே புஷ்பம், மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மாறி இரத்தினபுரிக்கே வந்துவிட்டார். மனேஜரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "டிவி வேணாங்க. லைட்டும் ஒண்ணு போதும். மிச்சத்துக்கெல்லாம் சேத்து இந்த மிஷினு ஓடுற மாதிரி தாங்க" என்றார். நான் அங்கேயே புதிதாக வரைந்தேன். டிவியை எடுத்தேன், இரண்டு விளக்கை எடுத்தேன். அதற்குப் பதிலாகப் பெரிய பட்டரி, இன்வேட்டர். மழை நாள் தொடர்ந்தாலும் தாங்குகிற மாதிரி. என் வாழ்க்கையில் வரைந்ததிலேயே அழகான படம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்லுவேன். மனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வேண்டாவெறுப்பாகக் கையெழுத்து வைத்துவிட்டு, அந்த அம்மா எழுந்து போவதற்குக்கூடப் பொறுக்காமல் சொன்னார்: "டிவி இல்லாம சோலார் வாங்குற மடச் சனத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பொட்டிக்குப் பூட்டு

பூட்டிக் கொடுத்த அன்று அந்த மிஷின் 'உர்' என்று ஓடி வெள்ளையாக ஆவி விட்டது. பிள்ளை பயந்து சிரித்தது. புஷ்பம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். முருகேசுதான் கொஞ்சம் வாட்டமாக இருந்தார். விளக்கு ஒன்றே ஒன்று, டிவியும் இல்லை, லயத்து ஆட்கள் சிரிப்பார்களே என்று என்னிடம் ரகசியமாக வருத்தப்பட்டார்.

சில மாதம் போனது. கிரிக்கெட் நடந்துகொண்டிருந்த காலம். மிஷின் ஓடவில்லை என்று தகவல் வந்தது. விழுந்தடித்துக்கொண்டு போனேன். நடந்தது இதுதான்: முருகேசு யாரிடமோ பட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன டிவியை இரவல் வாங்கி, லொறி வயரைக் கொண்டு நேராகப் பட்டரியில் கொளுவியிருக்கிறார். லயத்துக் கூட்டாளிகள் எல்லாம் வந்து, விடாமல் மேட்ச் பார்த்திருக்கிறார்கள். வெளியே ஒரே மழை. பட்டரி அடியோடு தீர்ந்துபோன அந்தச் சாயங்காலம்தான் பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருக்கிறது. மிஷினைப் போட்டால் அசையவில்லை. உதடு நீலம் பாரித்த பிள்ளையைப் பால் லொறியின் முன்சீட்டில் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார்கள். கும்பிடுகிற சாமியெல்லாம் காப்பாற்றியது. பிள்ளை பிழைத்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது முருகேசு வாசலில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே டிவி வயரை, பால் எடுக்க றப்பர் மரத்தைக் கீறுகிற கத்தியால் புஷ்பம் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டிருந்தார். மனுஷனைத் திட்டுவதற்கு நான் வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள், அந்தக் கத்தியைப் பார்த்ததும் தேவையில்லாமல் போயின. புஷ்பம் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: இனி யாரும் கை வைக்க முடியாத மாதிரி செய்து தர முடியுமா? பட்டரிக்குப் பலகையில் காற்றுப் போகிற மாதிரி ஒரு பெட்டி அடித்து, பூட்டுப் போட்டு, சாவியை அவர் கையில் கொடுத்தேன். அதைத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புகாரே வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பிள்ளை முகமூடியை மூக்கில் வைத்து ஆவி பிடித்துக்கொண்டே, இன்னொரு கையால் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தது. முருகேசு எங்கே என்று கேட்டேன். மேட்ச் பார்க்க லயத்துக்குப் போயிருக்கிறாராம். பாவம், அவருக்காக இப்போதாவது ஒரு டிவி வயர் இழுத்துத் தரட்டுமா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். புஷ்பம் சிரிக்கவில்லை. "அவரு டிவிக்கு லயத்துல எத்தனையோ வீடு இருக்கு தம்பி. எம்புள்ள மூச்சுக்கு இந்த ஒரு பொட்டிதான்."

அந்தத் தொழிலில் கிடந்த அத்தனை வருஷத்தில் நான் மனசார மதித்தது இரண்டே பேரை, ஒன்று புஷ்பம், மற்றது சூரியன், அதிலும் சூரியன் பாதி நாள் வேலைக்கே வராது.